குழியில் இறங்கியவருக்கு யார் முதலாளி?

1923-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. வேலையில் அடிபட்டால் முதலாளி பணம் தர வேண்டும். ஆனால், முதலாளியின் தொழிலுக்காக அல்லாமல் தற்காலிகமாகக் கூப்பிடப்பட்டவர் 'தொழிலாளி' இல்லை என்றது அதே சட்டம். வீட்டு மலக்குழியில் இறக்கிவிடப்பட்ட நம் மக்கள் இப்படித்தான் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அந்த வரியை நீக்க 2000 வரை ஆனது!

1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் சாக்கடை மரணத்துக்கு 30 லட்சமாக உயர்த்தியது. பிழைக்க வழியின்றி நிரந்தரமாக முடங்கியவருக்குக் குறைந்தது 20 லட்சம்.

"அவர் ஒப்பந்ததாரரின் ஆள்" என்று நகராட்சி கைகழுவும், தோழர்களே. அதற்கு 1923-லேயே 12-ஆம் பிரிவில் பதில் இருந்தது: தன் வழக்கமான பணியை ஒப்பந்தத்துக்கு விட்டாலும் இழப்பீட்டுக்கு அசல் முதலாளியே பொறுப்பு.