வலை விரிக்காத சிலந்தி



“சிலந்திகள் அனைத்தும் வலை பின்னி இரை பிடிப்பன” என்று பல்லாண்டுகள் நான் வகுப்பில் கற்பித்து வந்தேன். அது பிழையென எனக்கு உணர்த்தியவன், செய்யாற்றில் ஆரணிப் பட்டு நெய்யும் குடும்பத்தில் பிறந்த ஒரு மாணவன். ஆற்றங்கரைத் தோப்பில், சருகுகளின் இடையே ஓடிய சிலந்தி ஒன்றைக் கண்ணாடிக் குப்பியில் இட்டுக் கொணர்ந்தான். அதன் பின்புறத்தில் மிளகளவு வெண்ணிற உருண்டை ஒட்டியிருந்தது. “ஐயா, இதற்கு வலையே இல்லை, ஆனாலும் நூல் நூற்றிருக்கிறதே!” என்றான்.

அதுவே ஓநாய்ச் சிலந்தி. அது இரையைக் கண்டு, பாய்ந்து பிடிக்கும். நூலைக் கொண்டு முட்டைகளுக்குப் பை நெய்து, அதை உடலோடு சுமந்து திரியும். குஞ்சுகள் வெளிவந்ததும் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும்.

இவ்வுயிரின் வரலாறு அச்சத்தில் தொடங்குகிறது. இத்தாலியின் தாரந்தோ நகர்ப்புறத்தில், இதன் கடிக்கு ஆடிக் களைப்பதே மருந்து என்று மக்கள் நம்பினர். உண்மையில் அங்குக் கொடிய நஞ்சுடையது வேறொரு சிலந்தி. உற்று நோக்கியோர் பின்னரே வந்தனர். 1757-இல் சுவீடன் நாட்டுக் கார்ல் கிளெர்க் சிலந்திகளைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். 1804-இல் பிரெஞ்சு அறிஞர் லத்ரெய் இவ்வினத்திற்கு, ஓநாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று ‘லைக்கோசா’ எனப் பெயரிட்டார். நம் நாட்டு ஓநாய்ச் சிலந்திகளைக் குறித்து 1924-இல் ஆய்வுரை எழுதிய கிரேவ்லி, அந்நாளில் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். 1980-இல் டிக்காதரும் மல்கோத்ராவும் இவற்றை விரிவாகத் தொகுத்தனர்.

இவ்வறிவு ஏட்டோடு நிற்பதன்று. நம் கழனிகளில் நெற்பயிரை வாட்டும் புகையான் பூச்சியை இவ்வினச் சிலந்திகள் தின்றழிக்கின்றன. கண்மூடித்தனமாக மருந்து தெளித்தால் சிலந்திகள் மடியும். புகையானோ மீண்டும் பெருகும். அறியாமையின் விலையை உழவரே செலுத்த நேரிடும்.

மறுநாள் வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டு, “ஓநாய்ச் சிலந்தி எதுவும் வலை பின்னாது” என்று திருத்தினேன். அதுவும் தவறே! அக்குடும்பத்தைச் சேர்ந்த ‘ஹிப்பாசா’ புல்தரையில் புனல் வடிவ வலை விரிக்கும் என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். அன்றுமுதல் ‘அனைத்தும்’, ‘எதுவும்’ என்னும் சொற்களை எழுதுமுன் என் கை சற்றே தயங்கும். நீங்களும் கேட்டதோடு நில்லாது, தோப்பிற்குச் சென்று கண்ணால் கண்டு தெளியுங்கள்.