காதுக்குப் பத்துப் பொருத்தம்

1910. வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படையின் ரேடியோ பிரிவுக்கு ஒரு கடிதம் வந்தது. நீலமும் ரோஸும் கலந்த தாள். ஊதா மையில் எழுத்து. அனுப்பியவர் நத்தானியல் பால்ட்வின், யூட்டா மாநிலம். யார் இந்த ஆள்? கடற்படையில் ஒருவருக்கும் தெரியாது.

கூடவே ஒரு ஜோடி ஹெட்ஃபோன். நானே செய்தது, சோதித்துப் பாருங்கள். அதுதான் விஷயம்.

ஊதா மையில் வருகிற விஞ்ஞானத்தை யார் நம்புவார்கள்? ஹெப்பர்ன் என்கிற அதிகாரியும் பெரிதாக நம்பவில்லை. இருந்தாலும் சோதனைக்கு அனுப்பிவைத்தார். முடிவைப் பார்த்ததும் அசந்துபோனார்கள். கையில் இருந்த ஹெட்ஃபோன்களை எல்லாம் இது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

இதிலென்ன ஆச்சரியம் என்று இன்றைக்குத் தோன்றும். சத்தம் போதவில்லையா, வால்யூமைத் திருகினால் போச்சு. அன்றைக்குத் திருகுவதற்கு ஒன்றும் கிடையாது. சிக்னலைப் பெருக்கித் தருகிற ஆம்ப்ளிஃபயர் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. ஆன்டெனாவில் சிக்குகிற துளியூண்டு மின்சாரம்தான் காதில் ஒலியாக மாறவேண்டும். பால்ட்வின் ஒவ்வொரு காதுக்கும் ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்கு மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார். எறும்பு நடந்தால்கூடக் கேட்கும் ரகம்.

கடற்படை சந்தோஷமாக ஆர்டர் கொடுக்கப்போனது. பதில் வந்தது. ஒரு தடவைக்குப் பத்து ஜோடிதான் தரமுடியும். ஏன்? அவருடைய தொழிற்சாலை, வீட்டுச் சமையலறை!

தலையில் மாட்டுகிற பட்டையை மேம்படுத்தியிருக்கிறீர்களே, அதற்குப் பேடன்ட் வாங்குங்கள் என்று கடற்படையே சொல்லியும் மனிதர் கேட்கவில்லை. அது அற்ப விஷயமாம். முதல் உலகப் போர் வந்தது. பின்னாலேயே ரேடியோ மோகம் வந்தது. சமையலறை நிஜமான தொழிற்சாலையாகவே மாறியது. பணம் கொட்டியது. ஆனால், யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்கிற கணக்கு அவருக்கு வரவில்லை. 1924-ல் கம்பெனி திவால். பிறகு பங்கு விற்பனை விவகாரத்தில் தபால் மோசடி வழக்கு. சிறை. 1961-ல் அவர் இறந்தபோது கையில் காசு இல்லை.

இவர் கதையை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்று ஒரு ஹெட்ஃபோன் லட்ச ரூபாய், அதற்கு ஜோடியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் இன்னொரு லட்சம் என்று விற்கிறது. நான் பி.காம். படித்தவன். விலைச்சீட்டைப் பார்த்ததும் அடக்க விலை எவ்வளவு என்றுதான் முதலில் புத்தி போகும். அந்த லட்சத்தில் சத்தத்துக்கு எவ்வளவு, நம்பிக்கைக்கு எவ்வளவு?

*

ராணுவத்திடமிருந்து ஹெட்ஃபோனை வீட்டுக் கூடத்துக்கு அழைத்து வந்தவர் ஜான் கோஸ். மில்வாக்கி நகரத்துக்காரர். கல்யாணத்துக்கு மொய்யாக வந்த 200 டாலர், சோபா வாங்குவதற்காக வைத்திருந்த பணம். அதைப் போட்டு டி.வி. பெட்டிகள் வாங்கினார். ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு வாடகைக்கு விட்டார். சோபா வரவில்லை. பிசினஸ் வந்தது.

1958-ல் மார்ட்டின் லாங்கே என்கிற எஞ்சினியரோடு சேர்ந்து, தனியாக உட்கார்ந்து கேட்கிற ஒரு ரெக்கார்ட் பிளேயர் செய்து கண்காட்சிக்குக் கொண்டுபோனார். ஸ்டீரியோ அப்போதுதான் புதுசு. அதன் அருமை தெரியட்டும் என்று சும்மா ஒரு ஹெட்ஃபோனையும் பக்கத்தில் வைத்திருந்தார். கூட்டம் ரெக்கார்ட் பிளேயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹெட்ஃபோனுக்குத்தான் அடிதடி.

சரி, வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் எங்கே செருகுவது? பெரும்பாலான கருவிகளில் துளையே கிடையாது. கோஸ் கேட்டுக்கொண்டதால் ஆம்ப்ளிஃபயர் கம்பெனிகள் மெல்ல துளை வைக்க ஆரம்பித்தன. எப்படி வைத்தன? ஸ்பீக்கருக்குப் போகிற மின்சாரத்தையே எடுத்து, நடுவில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு மட்டுப்படுத்தி, துளைக்கு அனுப்பிவிட்டன. செலவு சில பைசா. ஸ்பீக்கருக்காகக் கட்டிய வீட்டில் ஹெட்ஃபோன் ஒண்டுக்குடித்தனம் வந்த கதை இது.

குடித்தனத்தில் சண்டை வராமல் இருக்குமா? இங்கேதான் பொருத்தம் பார்க்கிற பிரச்னை தொடங்குகிறது. ஜாதகத்தில் நட்சத்திரம் மாதிரி இதில் ஓம்.

ஓம் என்றால் பிரணவம் இல்லை. மின்சாரத்துக்கு ஒரு கருவி காட்டுகிற எதிர்ப்பின் அளவு. இம்பீடன்ஸ் என்பார்கள். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் சென்ஹைசரின் கம்பெனி 1968-ல் ஹெச்.டி. 414 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மஞ்சள் ஸ்பாஞ்ச் வைத்த, இலேசான ஹெட்ஃபோன். அதுவரை காதை மூடிப் பூட்டுவதுதான் வழக்கம். இது திறந்த வகை. வெளிக்காற்று உள்ளே போய்வரும், பாட்டும் மண்டைக்குள் அடைபட்ட மாதிரி இருக்காது. கம்பெனி கணக்குப்படி ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அதன் ஓம் எவ்வளவு தெரியுமா? 2,000. எதிர்ப்பு அத்தனை அதிகம் என்பதால் எந்தக் கருவியில் மாட்டினாலும் சுமையாக இருக்காது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் ஒருவேளைகூடச் சாப்பிடாமல் திரும்புகிற விருந்தாளி.

1979-ல் சோனியின் வாக்மேன் வந்தது. இரண்டு சின்ன பேட்டரி. மொத்தமே 3 வோல்ட். அதை வைத்துக்கொண்டு 2,000 ஓமை எங்கே தள்ளுவது? அதனால் கையடக்கக் கருவிகளுக்குக் குறைந்த ஓம் ஹெட்ஃபோன்கள் வந்தன. மேஜைக்கு ஒரு ஜாதி, சட்டைப்பைக்கு ஒரு ஜாதி. உலகம் இரண்டாகப் பிரிந்தது.

*

கொஞ்சம் கணக்குப் போடலாம். பயப்படவேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான்.

மூன்று ஹெட்ஃபோன்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, நியூயார்க் புரூக்லினில் கிராடோ குடும்பத்தார் செய்த எஸ்.ஆர். 60. 32 ஓம். இரண்டு, சென்ஹைசர் 1997-ல் கொண்டுவந்த ஹெச்.டி. 600. 300 ஓம். மூன்று, ஹைஃபைமேன் 2010-ல் வெளியிட்ட ஹெச்.இ. 6. 50 ஓம். தட்டையான சவ்வு முழுவதும் கம்பி ஓடுகிற பிளானர் வகை.

குணத்தில் மூன்றும் மூன்று திசை. கிராடோவில் கேட்டால் கச்சேரியில் முதல் வரிசை. கிதார் கம்பி முகத்தில் அறையும். ஹெச்.டி. 600-ல் ஏழெட்டு வரிசை தள்ளி, நடு இருக்கை. பாடுகிறவர் குரல் அப்படியே இருக்கும், யாரும் யாரையும் முந்தமாட்டார்கள். ஹெச்.இ. 6-ல் அடிநாதம் தரைவரை இறங்கும். சின்னச் சின்ன சத்தம்கூடத் தனித்தனியாகத் தெரியும்.

இப்போது ஆர்கெஸ்ட்ரா உச்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 110 டெசிபல். அந்த ஒரு நொடிக்குக் கிராடோவுக்கு வேண்டியது சுமார் 0.7 வோல்ட், 16 மில்லிவாட். ஹெச்.டி. 600-க்கு நாலரை வோல்ட், 67 மில்லிவாட். ஹெச்.இ. 6-க்கும் கிட்டத்தட்ட அதே வோல்ட்தான். ஆனால் ஓம் குறைவு என்பதால் மின்சாரத்தைக் குடிக்கும். 450 மில்லிவாட்! சிலர் வெறுத்துப்போய் அதை ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரிலேயே நேராக மாட்டினார்கள்.

ஆகவே, ‘என் ஃபோனில் நன்றாகத்தானே கேட்கிறது, ஆம்ப்ளிஃபயர் எதற்கு?’ என்பவரும் சரி, ‘ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் வேஸ்ட்’ என்பவரும் சரி. இரண்டு பேர் தலையிலும் மாட்டியிருப்பது வேறு வேறு.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் ஓர் ஓம் இருக்கிறது. அந்த ஒண்டுக்குடித்தன ரெசிஸ்டர், ஞாபகமிருக்கிறதா? 1996-ல் ஒரு சர்வதேச தர விதி அதை 120 ஓம் என்றே எழுதிவைத்தது. ஆனால் ஹெச்.டி. 600-ன் 300 ஓம் என்பது எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றல்ல. கீழ்ஸ்தாயியில் 500-ஐத் தாண்டும். 120 ஓம் துளையில் மாட்டினால் அந்த இடம் மட்டும் ஒரு டெசிபலுக்குக் கொஞ்சம் கூடுதலாக வீங்கும். ‘ஆஹா, இந்த ஆம்ப்ளிஃபயரில் பேஸ் எவ்வளவு இதமாக இருக்கிறது!’ என்று ரசிகர் உருகுவார். உருகட்டும், தப்பில்லை. அது மாயமல்ல, வகுத்தல் கணக்கு என்று தெரிந்து உருகினால் நல்லது. தவிர்க்கவேண்டுமா? ஆம்ப்ளிஃபயரின் ஓம், ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். அவ்வளவுதான்.

*

ஆனால் எட்டில் ஒரு பங்கு என்பதை வைத்து ஷோரூம் நடத்தமுடியுமா?

1991-ல் சென்ஹைசர் பொருத்தம் பார்க்கிற வேலையையே ரசிகரிடமிருந்து எடுத்துக்கொண்டது. மாப்பிள்ளை, பெண் இரண்டையும் தானே பெற்று, கல்யாணமும் செய்து அனுப்பியது. பெயர் ஆர்ஃபியஸ். மின்புலத்தில் சவ்வு ஆடுகிற எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோன். சாதாரணத் துளையில் இது வாயே திறக்காது, நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். அதனால் கூடவே வால்வு ஆம்ப்ளிஃபயர். 300 ஜோடிதான் செய்தார்கள். விலை சுமார் 16,000 டாலர். 2015-ல் அதன் வாரிசை அறிவித்தார்கள். இத்தாலியின் கராரா சலவைக்கல் பெட்டி. ஸ்விட்சைப் போட்டால் எட்டு வால்வுகள் உள்ளேயிருந்து மெல்ல எழுந்து நிற்கும். விலை ஐம்பதாயிரம் யூரோ சுமாருக்கு.

அபாரமான சத்தம் என்கிறார்கள். இருக்கட்டும். சலவைக்கல்லுக்குக் காது கேட்குமா?

இந்த இடத்தில்தான் நம் கதையின் இரண்டாவது சமையலறைக்காரர் வருகிறார். சமையலறை என்பது என் கற்பனை. எங்கே உட்கார்ந்து வேலை செய்தார் என்று யாருக்கும் தெரியாது. பெயரும் தெரியாது. இணையத்தில் ‘என்.டபிள்யூ.ஏ.வி.கய்’ என்று ஒரு புனைபெயர், அவ்வளவுதான். விலையுயர்ந்த கருவிகளை அளந்து பார்த்து, குறைகளைப் புட்டுப்புட்டு வைத்தார். வியாபாரிகளுக்குக் கோபம். முடிந்தால் நீயே செய்து காட்டு என்கிற தொனியில் பேச்சு வளர்ந்தது.

2011-ல் செய்தே காட்டினார். ஆப்ஜெக்டிவ் 2 என்று ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர். உதிரிபாகச் செலவு 30 டாலர் சுமாருக்கு. உள் ஓம், ஒன்றில் பாதி. சத்தத்தில் தன் பங்காக எதையும் கூட்டாது, குறைக்காது. 1,600 டாலர் கருவியோடு கண்ணைக் கட்டிவிட்டு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியாது என்றார். வரைபடத்தை இலவசமாகப் பொதுவில் வைத்தார். யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம், வடிவமைப்பை மட்டும் மாற்றக்கூடாது. கம்பெனிகள் செய்து விற்றன. அவர் ஒரு டாலர்கூட வாங்கவில்லை.

2012-ல் திடீரென்று எழுதுவதை நிறுத்தினார். காணாமல் போனார். தேடியவர்களுக்கு இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை.

*

சரி, கடையில் போய் நிற்கிறீர்கள். எப்படி ஒப்பிடுவது?

முதல் எதிரி வால்யூம். ஒன்று மற்றதைவிட அரை டெசிபல் உரக்க ஒலித்தால், காது அதை உரக்க என்று சொல்லாது. ‘தெளிவாக இருக்கிறது, உயிரோட்டமாக இருக்கிறது’ என்று சொல்லும். விவரமான விற்பனையாளருக்கு இது தெரியும். எனவே இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பேச்சு.

இரண்டாவது எதிரி கண். 1987 ஜனவரியில் அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ பத்திரிகை, ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயர்களுக்கு ஒரு சோதனை வைத்தது. சில நூறு டாலரில் தொடங்கிப் பல ஆயிரம் டாலர் வரை. எது எதுவென்று காட்டவில்லை. அளவைச் சமமாக்கிக் கேட்கவைத்தார்கள். கேட்டவர்களின் விடைகள், பூவா தலையா போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தன.

ஹெட்ஃபோனில் வித்தியாசம் நிஜம். முதல் வரிசையும் எட்டாவது வரிசையும் ஒன்றாகாது. ஆனால் அந்த வித்தியாசம் விலையைப் பின்தொடர்கிறதா? 2017-ல் ஜெரோன் பிரீபார்ட் என்கிற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவுகளை எடுத்து விலையோடு வைத்துப் பார்த்தார். எந்த ஸ்வரத்தை எவ்வளவு தருகிறது என்கிற அளவுக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே என் கணக்கு இது. பணத்தை முதலில் ஹெட்ஃபோனில் போடுங்கள். விலையைப் பார்த்து அல்ல, ஏற்கெனவே மனப்பாடமான நாலு பாட்டைக் கேட்டுப் பார்த்து. பிறகு இரண்டே பொருத்தம். வேண்டிய வோல்ட்டும் மில்லிவாட்டும் வருகிறதா? உள் ஓம் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் முகூர்த்தம் குறித்துவிடலாம். அதற்கு மேல் கொடுப்பது சலவைக்கல்லுக்கு. ஆசைப்பட்டு, தெரிந்தே கொடுத்தால் அதுவும் நியாயமான செலவுதான். தெரியாமல் கொடுத்தால்தான் நஷ்டக் கணக்கு.

பேடன்ட் அற்பம் என்றவர் காசில்லாமல் செத்துப்போனார். இலவசமாகக் கொடுத்தவர் முகம் காட்டாமலே போய்விட்டார். இரண்டு பேரும் சத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டார்கள். விலையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஊதா மைக் கடிதத்தைப் பார்த்து ஹெப்பர்னுக்கு நம்பிக்கை வரவில்லைதான். ஆனாலும் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார் பாருங்கள், அதுதான் ஒப்பிடுகிற லட்சணம்.