டப்பா மீனும் கண்ணாடித் தட்டும்

பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்த எனக்குக் "கசெரோல்" என்றால் ஒரே ஒரு பொருள்தான். நீண்ட கைப்பிடி வைத்த பாத்திரம். அதில் பால் காய்ச்சலாம், சூப் சூடாக்கலாம். அது ஒரு பண்டத்தின் பெயர் என்று யாராவது சொல்லியிருந்தால், 'திக்தே' எழுதும்போது பிழைக்கு ஒரு முறை காதைத் திருகும் எங்கள் வாத்தியார் அவர் காதையும் சேர்த்துத் திருகியிருப்பார்.

2012-இல், நான் பணி ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டு, நானும் என் மனைவியும் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். நியூ ஜெர்சி மாநிலத்தின் தென்பகுதி. மகளுக்கு ஓர் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அழைத்து வந்த அன்று மாலை, பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டினார். எண்பது வயதுக்குக் குறையாது. துணி சுற்றிய ஒரு கண்ணாடித் தட்டை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி நின்றார். "டூனா நூடுல் கசெரோல்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

டூனா என்பது நம் சூரை மீன்தான். மூடியைத் திறந்தோம். அகலப் பட்டையான நூடுல்ஸ், நடுநடுவே பச்சைப் பட்டாணி, உதிர்த்த மீன், காளான் சூப், மேலே பொன்னிறமாக வெந்த ரொட்டித்தூள். நான் குசினியில் நின்றுகொண்டு தமிழில் பேசினேன்: "டப்பா மீனு, டப்பா சூப்பு. ரெண்டையும் தொறந்து கொட்டிட்டு பிரெஞ்சுப் பேரு வேற!"

என் மனைவி சொன்னாள்: "சாவு வீட்டுக்கும் நோயாளி வீட்டுக்கும் நாம சோறு ஆக்கிக் கொண்டு போறதில்லையா? அங்க யாராவது உப்பு புளி பாப்பாங்களா?" அவளும் மகளும் சாப்பிட்டார்கள். நான் தயிர்ச் சோறு பிசைந்துகொண்டேன்.

மூன்று நாள் கழித்துத் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கழுவும்போது பார்த்தேன்; அடியில் ஒரு ஒட்டுத் தாளில் அந்த அம்மாளின் பெயர் எழுதியிருந்தது. வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாது என்று மனைவி அதில் ரவா கேசரி வைத்து அனுப்பினாள். அந்த அம்மாள் என்னை உட்காரவைத்துப் பேசினார். அவருடைய தகப்பனார் பக்கத்து நகரமான காம்டனில் சூப் தொழிற்சாலைத் தொழிலாளியாம். ஆகஸ்டு மாதத்தில் தக்காளி ஏற்றிய லாரிகள் தெருத் தெருவாக வரிசையில் நிற்குமாம். வீட்டில் ஐந்து பிள்ளைகள். கத்தோலிக்கக் குடும்பம் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கிடையாது. அன்றைக்கு அம்மா செய்வது இதைத்தான். கடைசியில், "உங்களுக்குப் பிடித்திருந்ததா?" என்று கேட்டார்.

"மிகவும் நன்றாக இருந்தது" என்றேன். ஒரு வாய்கூடச் சாப்பிடாதவன் சொன்ன பொய் அது. அந்தப் பொய் உறுத்தியதால்தான் மகள் ஊர் நூலகத்தில் இந்தப் பண்டத்தைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததைக் கீழே எழுதுகிறேன்.

முதல் அடி எனக்கே விழுந்தது. நான் ஏளனம் செய்த டப்பா உணவு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது! நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர், உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, தக்கையால் இறுக மூடி, கொதிநீரில் வேகவைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று கண்டார். ஏன் கெடுவதில்லை என்பது அவருக்கே தெரியாது. அதைச் சொல்ல அரை நூற்றாண்டு கழித்து பாஸ்தர் வர வேண்டியிருந்தது. 1810-இல் பிரெஞ்சு அரசு அப்பேருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. முறையை ஊரறிய எழுதி வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. அவரும் எழுதினார். அதே ஆண்டு இங்கிலாந்தில் தகர டப்பாவுக்குக் காப்புரிமை பதிவாயிற்று. பிரான்சின் நாந்த் நகரில் 1820-களிலேயே மத்தி மீனை எண்ணெயில் போட்டு டப்பாவில் அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊரில் பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளில் சாவியைத் திருகித் திறப்பார்களே 'சர்தின்' டப்பா, அந்த வம்சம்தான். அப்பேர் 1841-இல் வறுமையில் இறந்தார்.

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையிலும் முதலில் மத்திதான் டப்பாவில் போயிற்று. 1903-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே சான் பெட்ரோ துறைமுகத்தில் மத்தி வரத்துக் குறைந்துவிட்டது. தொழிற்சாலை சும்மா கிடக்கிறதே என்று ஆல்பர்ட் ஹாஃப்ஹில் என்பவர் 'அல்பக்கோர்' என்னும் சூரை வகையை அடைத்துப் பார்த்தார். அதுவரை அதை யாரும் பெரிதாக மதித்ததில்லை. நம் மீன் சந்தையில் வஞ்சிரத்துக்கு முன்னால் சூரை நிற்பது போலத்தான். ஆவியில் வேகவைத்தபோது அதன் சதை வெளுத்து, கவிச்சி குறைந்து, கோழிக்கறி போல ஆனது. 'கடல் கோழி' என்றே ஒரு கம்பெனி பெயர் வைத்து விற்றது. முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்கு டப்பா உணவு தேவைப்பட, வியாபாரம் பெருகியது.

அந்த மீனைப் பிடித்தவர்கள் யார்? சான் பெட்ரோவுக்கு எதிரே உள்ள டெர்மினல் தீவில் குடியேறிய ஜப்பானியர் அதில் முக்கியமானவர்கள். உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் வீசி, சூரைக் கூட்டத்தைப் படகருகே வரவழைத்து, மூங்கில் கழியில் தூண்டில் கட்டி ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு மீன் சுத்தம் செய்யும் வேலை. படகு வந்ததும் தொழிற்சாலைச் சங்கு ஊதும். நடுநிசியானாலும் எழுந்து ஓட வேண்டும். கடை, பள்ளி, கோயில் என்று சுமார் 3,000 பேர் வாழ்ந்த ஊர் அது.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 25 அன்று அமெரிக்கக் கடற்படை அந்தத் தீவு மக்களுக்கு ஆணை கொடுத்தது: 48 மணி நேரத்தில் காலி செய்ய வேண்டும். குடும்பத் தலைவர்கள் பலரை அதற்கு முன்பே பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். படகு, வலை, கட்டில், தையல் இயந்திரம் எல்லாம் அடிமாட்டு விலைக்குப் போயின. பின்னர் பலர் மன்சனார் என்ற பாலைவன முகாமில் அடைக்கப்பட்டார்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் அமெரிக்க மண்ணில் பிறந்த அமெரிக்கக் குடிமக்கள். வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டதால், போர் முடிந்து வந்தவர்களுக்குத் திரும்ப ஊர் இல்லை. 1988-இல்தான் அரசு சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தது.

முப்பத்தைந்து ஆண்டு குமாஸ்தாவாக இருந்தவன் நான். நோட்டீஸ் எத்தனையோ என் கையால் தட்டச்சு செய்திருக்கிறேன். புறம்போக்கில் போட்ட ஒரு பெட்டிக்கடையை எடுக்கச் சொல்வதற்கே நாள் கணக்கில் அவகாசம் கொடுத்து எழுதுவோம். 3,000 பேருக்கு 48 மணி நேரம் என்பதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

இனி சூப்பின் கதை. காம்டன் நகரத்துக் காம்பெல் கம்பெனியில் ஜான் டோரன்ஸ் என்ற இளைஞர் சேர்ந்தார். ஜெர்மனியில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். வாரச் சம்பளம் ஏழரை டாலர்! 1897-இல் அவர் சூப்பிலிருந்து நீரைச் சுண்டவைத்துக் குறைத்துச் சிறு டப்பாவில் அடைத்தார். எடை குறைந்ததால் வண்டிச் சத்தம் குறைந்தது, விலையும் குறைந்தது. 1934-இல் காளான் கிரீம் சூப் வந்தது. அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் கிடந்த காலம். வெண்ணெயில் மாவு வறுத்துப் பால் ஊற்றிக் கிண்டும் வெள்ளைச் சாஸை, நாங்கள் 'பெஷமேல்' என்போம், அதை ஒரு டப்பாவில் வாங்கிவிடலாம் என்றானது. கையில் காசும் நேரமும் இல்லாத பெண்களுக்கு அது பெரிய உதவி.

கண்ணாடித் தட்டுக்கும் ஒரு கதை உண்டு. கார்னிங் கண்ணாடிக் கம்பெனி ரயில்வே விளக்குகளுக்காகச் சூடு தாங்கும் கண்ணாடி செய்துகொண்டிருந்தது. 1913-இல் அங்கே வேலை செய்த விஞ்ஞானியின் மனைவி பெஸ்ஸி லிட்டில்டன், மின்கல ஜாடி ஒன்றின் அடிப்பாகத்தை அறுத்துக் கொண்டுவரச் சொல்லி, அதில் கேக் சுட்டுப் பார்த்தார். 1915-இல் 'பைரெக்ஸ்' கடைக்கு வந்தது. அடுப்பில் வெந்த தட்டையே மேசையில் வைக்கலாம், மூடி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கும் போகலாம்.

இவையெல்லாம் ஒன்று சேர்ந்ததுதான் அந்த அம்மாள் கொண்டுவந்த தட்டு. 1930-லேயே 'சன்செட்' பத்திரிகையில் வாஷிங்டன் மாநிலத்து வாசகி ஒருவர் இதன் செய்முறையை எழுதியிருக்கிறார். சூப் டப்பா வந்தபின் அது நாடெங்கும் பரவியது. 1966-இல் அமெரிக்க ஆயர்கள் வெள்ளிக்கிழமைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். 1990-இல் காம்டன் சூப் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

சரி, வீட்டில் செய்வது எப்படி? ஊருக்குத் திரும்பிய பிறகு நான் செய்து பார்த்த விதம் இது. பட்டை நூடுல்ஸ் சுமார் 115 கிராம் எடுத்து, முழுதாக வேகும் முன்பே வடித்துவிடவேண்டும். மீதி வேக்காடு அடுப்புக்குள் நடக்கும். இதைத் தெரியாமல் முதல் முறை நான் செய்தது களியாகிவிட்டது. சூப் டப்பா இல்லையென்றால் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயில் பொடியாக நறுக்கிய காளானை வதக்கி, இரண்டு மேசைக்கரண்டி மைதா தூவிக் கிளறி, ஒன்றரைக் கோப்பை பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டவேண்டும். உப்பு, மிளகு. இரண்டு டப்பா சூரை, ஒன்று சுமார் 140 கிராம், நீரையோ எண்ணெயையோ நன்றாக வடித்துவிட்டு உதிர்த்துப் போடவேண்டும். ஒரு கோப்பைப் பட்டாணி. எல்லாம் கலந்து கண்ணாடித் தட்டில் பரப்பி, 200 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம். பிறகு வெண்ணெயில் பிசிறிய ரொட்டித்தூளைத் தூவி இன்னும் ஐந்து நிமிடம். ரொட்டித்தூளுக்கு நம் ஊர் நீள ரொட்டி முந்தின நாளுடையது அருமையாக இருக்கும்.

அந்த அம்மாள் 2017-இல் காலமானார். மகள் தொலைபேசியில் சொன்னாள். அவர் பிள்ளைகள் வீட்டுக்கு இவள் சாம்பார் சாதம் செய்து, தன் தட்டின் அடியில் பெயர் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாளாம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் இதை மறுபடி செய்தேன். ஒரு தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டேன். மென்மையான ருசி, காரம் கிடையாது, நோயாளிக்கும் ஒத்துக்கொள்ளும். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"இதை அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே சாப்பிட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மிளகுத்தூள் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.