நான்கு வெள்ளிப் பங்கும் ஐந்து மடங்குக் கணக்கும்



பிள்ளைகளின் மேற்படிப்புக்கெனப் பங்கு வாங்க எண்ணும் பெற்றோர் பலரும் முதலில் கேட்டறிவது விலை-வருவாய் விகிதத்தைத்தான். பங்கின் விலையை, ஒரு பங்குக்குரிய ஆண்டு இலாபத்தால் வகுத்தால் அது கிடைத்துவிடும். ஆறாம் ஆண்டு மாணவனும் செய்யக்கூடிய கணக்கு. ஆனால், எந்த ஆண்டின் இலாபத்தால் வகுப்பது? சிக்கல் முழுவதும் அங்கேதான் உள்ளது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்த பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாட் ஆகியோர் 1934-இல் வெளியிட்ட நூலிலேயே இவ்வினாவை எழுப்பினர். ஓராண்டு இலாபத்தை நம்பாது, பல்லாண்டுச் சராசரியைக் கொள்ளுமாறு அறிவுறுத்தினர். ஆயினும், சராசரியும் கைவிடும் இடம் உண்டு. அதற்கு அமெரிக்காவின் சர்க்யூட் சிட்டி என்னும் மின்னியல் பொருள் விற்பனை நிறுவனத்தின் வரலாறே சான்று.

சாமுவேல் வர்ட்செல் என்பவர் 1949-இல் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் முடிதிருத்தும் கடையொன்றில் அமர்ந்திருந்தபோது, அங்கே தொலைக்காட்சி நிலையம் வரவிருப்பதைக் கேள்வியுற்றுக் கடை திறந்தார் என்பர். (வணிக வாய்ப்புகள் எங்கெல்லாம் காதில் விழுகின்றன, பாருங்கள்!) அவர்தம் மகன் ஆலன் வர்ட்செல் அதனை வளர்த்தெடுத்தார். 1982 தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளில் அந்நிறுவனப் பங்கு பொதுச் சந்தையைப்போல் 18 மடங்குக்கு மேல் பலன் தந்ததாக ஜிம் காலின்ஸ் 2001-இல் வெளிவந்த தம் நூலில் பாராட்டியிருந்தார்.

2000-இல் அந்நிறுவனம் குளிர்ப்பெட்டி, சலவை இயந்திரம் போன்றவற்றின் விற்பனையைக் கைவிட்டது. போட்டி நிறுவனமான பெஸ்ட் பை அவற்றைத் தொடர்ந்து விற்றது. 2006 பிப்ரவரியில் முடிந்த நிதியாண்டில் நிகர இலாபம் ஏறத்தாழ 140 மில்லியன் அமெரிக்க வெள்ளி. ஒரு பங்குக்கு ஒரு வெள்ளிகூட இல்லை. அவ்வாண்டில் பங்கின் விலையோ 30 வெள்ளியைத் தொட்டது. விகிதம் 35-க்கும் மேல்! பளிச்சிடும் எதிர்காலத்தைச் சந்தை எதிர்பார்த்தது.

2007 மார்ச்சில், சம்பளம் அதிகமெனக் கூறி 3,400 கடை ஊழியர்களை நிறுவனம் ஒரே நாளில் நீக்கியது. செலவு குறைந்தால் இலாபம் உயர வேண்டும். ஏட்டுக் கணக்கு அப்படித்தான் சொல்லும். ஆனால், நீக்கப்பட்டோருள் பொருளை விளக்கி விற்கத் தெரிந்த அனுபவசாலிகள் பலர் இருந்தனர். அவ்வாண்டு இறுதியில் பங்கு நான்கு வெள்ளிக்குச் சற்று மேலாகச் சரிந்தது. 2006-ஆம் ஆண்டின் இலாபத்தால் வகுத்தவருக்கு விகிதம் ஐந்தைச் சுற்றியே வந்திருக்கும்; மலிவோ மலிவு! ஆனால், வகுத்த இலாபம் அப்போது இல்லை. 2008 பிப்ரவரியில் முடிந்த ஆண்டில் ஏறக்குறைய 320 மில்லியன் வெள்ளி நட்டம். நட்டத்தால் வகுத்துப் பெறும் விகிதத்திற்குப் பொருளே கிடையாது.

2008 நவம்பர் 10-இல் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. 2009 சனவரியில் எஞ்சிய 567 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். பங்குதாரர்களுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை.

இதனால், குறைந்த விகிதமெல்லாம் பொறியென முடிவு கட்டிவிடவும் இயலாது. 2012 இறுதியில் பெஸ்ட் பை பங்கு 12 வெள்ளிக்கும் கீழே கிடந்தது. முந்தைய நிதியாண்டில் அது காட்டியதும் ஒரு பில்லியனுக்கு மேற்பட்ட நட்டமே. ஆனால், அந்நட்டம் பெரிதும் மதிப்புக் குறைப்புகளாலும் மறுசீரமைப்புச் செலவுகளாலும் வந்தது. அவற்றை நீக்கிப் பார்த்தால் விகிதம் நான்குக்கும் குறைவு. அதாவது, கடைகள் ஈட்டிக்கொண்டுதான் இருந்தன. 2012 செப்டம்பரில் பொறுப்பேற்ற ஊபர்ட் ஜோலி, இணைய விலைக்கு ஈடாக விற்கும் முறையை உறுதிப்படுத்தி, ஊழியர் பயிற்சிக்கும் முதன்மை அளித்தார். 2013 முடிவில் அதே பங்கு ஏறத்தாழ 40 வெள்ளிக்கு விற்றது.