கற்பதற்குக் கூலியா?

பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் பணம் கொடுப்பது முறையா? இந்தக் கேள்வியை நம் காலத்துப் பொருளியல் அறிஞர்கள் கண்டெடுத்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். வருகைக்கு இவ்வளவு, மதிப்பெண்ணுக்கு இவ்வளவு என்று அரசுகள் திட்டம் வகுப்பதைக் கண்டு, ‘கல்வியைக் கடைச்சரக்காக்கி விட்டார்களே!’ என்று வருந்துவோர் உளர். ‘பசித்த வயிற்றுக்கு முதலில் சோறு வேண்டாமா?’ என்று மறுத்துரைப்போரும் உளர். வரலாற்றின் ஏடுகளைச் சற்றே பின்னோக்கிப் புரட்டினால், இந்த வழக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருவதை நாம் காணலாம். வாதங்கள் பெரும்பாலும் அவையே, வாதிடுவோர்தாம் மாறியிருக்கின்றனர்.

இஸ்லாமிய உலகின் பொருளாதாரம் பற்றிய பழம்பெரும் நூல்களுள் ஒன்று ‘கிதாபுல் அம்வால்’. கி.பி. 838-இல் மறைந்த அபூ உபைத் அல்-காஸிம் இப்னு ஸல்லாம் அவர்கள் அதனை ஆக்கியவர். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்துச் செய்தி ஒன்றை அவர் அதில் பதிவு செய்துள்ளார். குர்ஆனைக் கற்போருக்கு உதவித்தொகை வழங்குமாறு கலீஃபா தம் ஆளுநர் ஒருவருக்கு ஆணை அனுப்பினார்கள். சில காலம் சென்றதும் ஆளுநரிடமிருந்து மடல் வந்தது. தொகையின் மீதன்றிக் கல்வியின் மீது நாட்டமே இல்லாதவர்களும் இப்போது கற்க வந்து விட்டனர் என்பது அதன் சாரம். அதைக் கண்ட கலீஃபா, வேறோர் அடிப்படையில் மக்களுக்கு வழங்குமாறு மறுமடல் எழுதினார்கள்.

சிறிய செய்திதான். ஆயினும் ஓர் ஆட்சியாளர் திட்டம் ஒன்றைத் தொடங்குகிறார். அதன் விளைவைக் கீழிருந்து ஒருவர் மறைக்காமல் எழுதுகிறார். ஆட்சியாளர் தம் ஆணையை மாற்றிக் கொள்கிறார். இன்னொன்றையும் நாம் கருத வேண்டும். மக்களுக்குக் கொடுப்பதை உமர் (ரலி) அவர்கள் நிறுத்தி விடவில்லை. கொடுப்பதற்கும் கற்பதற்கும் இடையே தாம் போட்டிருந்த முடிச்சை மட்டுமே அவிழ்த்தார்கள்.

*

நான்கு நூற்றாண்டுகள் கழிந்தன. ஸல்ஜூக்கியரின் அமைச்சர் நிஜாமுல் முல்க் 1067-இல் பக்தாதில் நிஜாமிய்யா மத்ரஸாவைத் திறந்தார். ஆசிரியருக்கு ஊதியம், மாணவருக்கு உறைவிடம், உணவுக்கு வழி. இவை அனைத்திற்கும் வக்ஃபு சொத்துகளின் வருவாய். இத்தகைய மத்ரஸாக்கள் பக்தாதில் எழுந்த செய்தி மத்திய ஆசியாவின் மாவராவுன் நஹ்ர் பகுதிக்கு எட்டியபோது, அங்கிருந்த உலமாக்கள் கல்விக்காக இழவு கொண்டாடினார்களாம்! உயர்ந்த உள்ளம் படைத்தோர் கல்வியை அதன் பொருட்டே தேடி வந்த காலம் போயிற்று; கூலி வந்து விட்டதால் இனிக் கீழோரும் அதனை நாடுவர் என்பது அவர்களின் துயரம். 17-ஆம் நூற்றாண்டின் உதுமானிய அறிஞர் ஹாஜி கலீஃபா இச்செய்தியைத் தம் நூலில் எடுத்துரைக்கிறார்.

அந்த உலமாக்களின் கண்ணீரை நாம் ஏளனம் செய்வதற்கில்லை. எனினும், அவர்களுக்கு விடை சொல்வது போல ஒரு வாழ்க்கை அதே காலத்தில் வளர்ந்து கொண்டிருந்தது.

1058-இல் தூஸ் நகரத்தில் கம்பளி நூற்கும் ஏழை ஒருவருக்கு மகன் பிறந்தார். தந்தை மரணப் படுக்கையில் தம் இரு மைந்தர்களையும், சேர்த்து வைத்திருந்த சிறு தொகையையும் ஸூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். தொகை தீர்ந்தது. நண்பரோ தாமே வறியவர். ‘மத்ரஸாவில் மாணவராகச் சேர்ந்து விடுங்கள், அங்கே உங்கள் உணவுக்காவது வழி கிடைக்கும்’ என்று பிள்ளைகளுக்கு அறிவுரை கூறினார். ரொட்டிக்காக மத்ரஸாவின் வாயிலை மிதித்த அவ்விருவருள் மூத்தவரே பின்னாளில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) என உலகம் போற்றிய பேரறிஞர். 1091-இல் அதே நிஜாமிய்யாவின் தலைமைப் பேராசிரியராக அமர்ந்தவரும், 1095-இல் அந்தப் பெரும் பதவியை உதறி விட்டு அகத்தேடலில் புறப்பட்டவரும் அவரே. இறைவனுக்காக அல்லாமல் வேறொன்றிற்காகக் கல்வியைத் தேடினோம், ஆனால் கல்வி இறைவனுக்கன்றி வேறெதற்கும் உரியதாக மறுத்து விட்டது என்ற கருத்தை அவர் பின்னாளில் சொல்லி வந்ததாக வரலாற்றாசிரியர் ஸுப்கீ குறிக்கிறார்.

ரொட்டி அவரை அழைத்து வந்தது. கல்வி அவரைத் தன்னிடமே நிறுத்திக் கொண்டது. ரொட்டியே இல்லாதிருந்தால் அந்தப் பிள்ளை எந்தக் கடைத்தெருவில் என்ன சுமந்து கொண்டிருந்திருப்பானோ!

உலமாக்களின் இழவுக்குப் பின்னரும் மத்ரஸாக்கள் பெருகவே செய்தன. அப்பாஸிய கலீஃபா முஸ்தன்ஸிர் பில்லாஹ் தைக்ரீஸ் நதிக்கரையில் கட்டிய முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸா 1234-இல் திறக்கப்பட்டது. நான்கு மத்ஹபுகளுக்கும் ஒரே வளாகத்தில் இடமளித்த அந்த நிறுவனத்தில், மாணவருக்கு அன்றாட உணவோடு மாதம் ஒரு பொற்காசும் வழங்கப்பட்டது. ஒரு தீனார் பெற்ற மாணவனுக்குக் கையேந்தும் நிலை இல்லை. விளக்கெண்ணெய்க்காக எவர் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. அந்தக் கட்டடம் 1258-இன் மங்கோலியப் படையெடுப்பையும் கடந்து இன்றும் பக்தாதில் நிற்கிறது.

*

பக்தாதின் மாணவர்கள் ஆடவர். பெரும்பாலும் கற்கத் துணிந்து வந்தவர்கள். கற்கவே அனுப்பப்படாத சிறுமிகளுக்கு என்ன வழி? நம் காலத்தில் இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்தது வங்காளத்தின் நெல்வயல்களுக்கு நடுவேதான்.

1971-இல் பிறந்த வங்கதேசத்தில், பெண்பிள்ளை ஆரம்பப் பள்ளியோடு நின்று விடுவதும், பருவமெய்தியதும் மணமுடித்து வைக்கப்படுவதும் கிராமத்தின் நடைமுறையாக இருந்தன. 1982-இல் சாந்த்பூர் பகுதியின் ஷாஹ்ராஸ்தி என்னும் வட்டாரத்தில் சிறிய அளவில் ஒரு முயற்சி தொடங்கியது. உயர்நிலைப் பள்ளிக்கு வரும் சிறுமிக்கு உதவித்தொகை தருவதென்று முடிவாயிற்று. அதன் பயனைக் கண்டு, 1994-இல் அரசு அதனை நாட்டின் கிராமப்புறம் முழுவதற்கும் விரித்தது.

நிபந்தனைகள் மூன்று. வேலை நாள்களில் நூற்றுக்கு 75 நாள்களேனும் பள்ளிக்கு வர வேண்டும். தேர்வில் 45 விழுக்காடு மதிப்பெண் பெற வேண்டும். பள்ளியிறுதி வரை மணம் முடிக்கலாகாது. ஆறாம் வகுப்புச் சிறுமிக்கு மாதம் 25 டாகா. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் 60 டாகா. கற்பிப்புக் கட்டணத்தை அரசே பள்ளிக்குச் செலுத்தியது. உதவித்தொகையோ சிறுமியின் பெயரிலேயே வங்கிக் கணக்கில் சேர்ந்தது. தாயும் பாட்டியும் வங்கியின் படியை மிதித்தறியாத வீட்டில், பன்னிரண்டு வயதுப் பெண் தன் பெயரில் கணக்கு வைத்திருந்தாள்! அங்கீகாரம் பெற்ற மத்ரஸாக்களின் மாணவியரும் இதில் சேர்க்கப்பட்டனர் என்பது நாம் கருத்திற் கொள்ளத்தக்கது.

விளைவு என்ன? 1991-இல் உயர்நிலைக் கல்வியில் 11 இலட்சமாக இருந்த மாணவியர் எண்ணிக்கை 2005-இல் 39 இலட்சமாயிற்று. வகுப்பறையில் சிறுவரும் சிறுமியரும் சரிநிகராயினர். ஆடைத் தொழிற்சாலைகளின் வளர்ச்சியும், பள்ளிகளின் பெருக்கமும் இதற்குத் துணை நின்றன. எல்லாப் புகழையும் உதவித்தொகைக்கே சூட்டுவது நேர்மையாகாது. ஆயினும் ‘பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு?’ என்று கேட்ட தந்தைக்கு, அயலார் முன்னிலையில் சொல்லிக் கொள்ள ஒரு காரணத்தை அது தந்தது. ஊரோடு ஒத்து வாழும் மனிதனுக்கு அத்தகைய காரணம் சில வேளைகளில் பணத்தினும் பெரிது.

குறைகளும் மலிந்திருந்தன. விலைவாசி ஏறியது, தொகை ஏறவில்லை. வசதியுள்ள வீட்டுச் சிறுமிக்கும் பரம ஏழையின் மகளுக்கும் ஒரே தொகை. பள்ளிக்கு வந்த பெண்களில் பலர் இறுதித் தேர்வில் தேறவில்லை. வகுப்பறை நிரம்பிய வேகத்தில் நல்லாசிரியர்கள் பெருகவில்லை. திருமண வயது ஓரளவு உயர்ந்ததென ஆய்வுகள் கூறினும், 2019-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் கூட, இருபது முதல் இருபத்து நான்கு வயதுப் பெண்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் பதினெட்டு நிறையுமுன் மணமானவர்களாகவே இருந்தனர். வாசல் வரை அழைத்து வரும் ஆற்றல் பணத்திற்கு உண்டு. உள்ளே நடக்க வேண்டியதை ஆசிரியர்தாம் நடத்த வேண்டும்.

அமெரிக்க அறிஞர் ரோலண்ட் ஃப்ரையர் 2007 முதல் அந்நாட்டு நகரங்கள் சிலவற்றில் நடத்திய சோதனைகளும் இதையே காட்டின. நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம் தந்தார்கள், மதிப்பெண் உயரவில்லை. டல்லாஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, படித்து முடிக்கும் ஒவ்வொரு புத்தகத்திற்கும் 2 டாலர் தந்தார்கள். வாசித்துப் பொருளுணரும் திறனில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. மதிப்பெண்ணை உயர்த்த என்ன செய்வாய் என்று கேட்டபோது, பாடத்தை ஆழ்ந்து படிப்பதையோ ஆசிரியரிடம் ஐயம் கேட்பதையோ பிள்ளைகள் பெரும்பாலும் சொல்லவில்லையாம். வழி தெரியாதவனிடம் பரிசை மட்டும் காட்டினால் அவன் எங்கே ஓடுவான்?

*

மதீனாவின் மடலும், தூஸின் அனாதைப் பிள்ளையும், வங்காளத்துச் சிறுமியும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. கற்றலின் விலையாகத் தரப்படும் பணம் கூலியை நாடுவோரை ஈர்க்கும். கற்க விடாமல் தடுக்கும் வறுமையை அகற்றத் தரப்படும் பணம் கஸ்ஸாலிகளை மீட்டுத் தரும். இரண்டும் ஒரே நாணயம்தான். கொடுப்பவரின் நோக்கமும், அவர் விதிக்கும் நிபந்தனையும் அதனை வேறாக்குகின்றன.

இது நமக்கு அயல்நாட்டுக் கதையன்று. தமிழக அரசு 2022-இல் ‘புதுமைப் பெண்’ திட்டத்தையும், 2024-இல் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தையும் தொடங்கி, அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்வோருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்க முற்பட்டது. நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் ஆண்டுதோறும் மேடையமைத்து, முதல் மதிப்பெண் பெற்றோருக்குப் பரிசளிக்கின்றன. நன்று. ஆனால் அந்த மேடைக்கு வரவே இயலாத பிள்ளையை யார் தேடுகிறார்கள்? பேருந்துக் கட்டணம் இல்லாமல் வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் தங்குகிறவனும், தம்பியைப் பார்த்துக் கொள்ளப் பள்ளியை விட்டவளும் முதல் மதிப்பெண் பட்டியலில் ஒருநாளும் இடம்பெற மாட்டார்கள்.

தன்னிடம் ஒன்றுமில்லாத அந்த ஸூஃபி, நண்பரின் பிள்ளைகளிடம் அவர்கள் திறமைக்குச் சான்று கேட்கவில்லை. உணவு கிடைக்கும் கல்விச்சாலையின் வழியைக் காட்டினார். அந்த வழியைக் காட்டுவோராகவும், அங்கே உணவு குறையாமல் பார்த்துக் கொள்வோராகவும் நாம் இருப்போமாக. மற்றதைக் கல்வி தானே பார்த்துக் கொள்ளும்.