பத்தாயப்புரையும் விருந்தினரும்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி திருக்கோயிலுக்கு அணித்தே உள்ளது ஸ்ரீவராகம். லட்சுமி வராகர் கோயிலும் அதன் பரந்த திருக்குளமும் அவ்விடத்திற்குப் பெயரும் பெருமையும் தந்தன. நம்மைப் போலவே தமிழகத்தினின்றும் குடிபெயர்ந்தோர் பல தலைமுறைகளாக வாழும் கோட்டைப் பகுதி அதற்கு அண்மையிலேயே இருக்கிறது. ஓட்டுக் கூரைகள் குறைந்து கான்கிரீட் மாடிகள் பெருகிவரும் அந்நகரில், பழைய மனைகளின் துணைக் கட்டடங்களைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

கேரளத்துப் பெருங்குடும்பங்களில் நாலுகெட்டு என்னும் தலைமை வீட்டிற்குப் புறம்பே பத்தாயப்புரை நின்றது. பத்தாயம் நம் உழவரும் அறிந்த சொல்லே. கீழ்த்தளத்தில் மரப்பலகைப் பத்தாயங்களில் நெல் நிறைந்திருக்கும். பல இல்லங்களில் மேல்தளம் விருந்தினர் உறங்கும் இடமாயிருந்தது. ஆகவே, இன்று அதனைப் பயணியர் தங்கும் விடுதியாக்குவது முற்றிலும் புதிய வழக்கமன்று.

அக்களஞ்சியம் வெறுமையானது ஏன்? 1925-ஆம் ஆண்டின் நாயர் சட்டம் திருவிதாங்கூரில் ஆளுக்கொரு பங்காகச் சொத்தைப் பிரிக்க வழிசெய்தது. 1970 ஜனவரி 1 முதல் நிலச்சீர்திருத்தம் குத்தகை முறையை ஒழித்தது. உழுதவன் நிலத்திற்கு உரியவனானான். அது நீதியே. ஆயினும் குத்தகை நெல் வாராத வீட்டில் பத்தாயத்திற்கு வேலையில்லை. 1975-இல் கூட்டுக்குடும்ப முறையை ஒழிக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. பராமரிக்கப் பொருளின்றிப் பல மனைகள் மரவிலைக்கு விற்கப்பட்டன.

1990-களில் குமரகத்தில், வேம்பநாட்டு ஏரிக்கரையில் அமைந்த கோகனட் லகூன் விடுதி, பழைய மரவீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் பொருத்தி அறைகளாக்கியது. ஆணியை நம்பாது பொளியும் முளையுமாகத் தச்சர் இணைத்திருந்தமையாலேயே அது இயன்றது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும், இடிந்த வீடுகளின் கதவுகளையும் ஓடுகளையும் புதிய கட்டடங்களில் பயன்படுத்தினார். மரம் பிழைத்தது, எனினும் இடம்பெயர்ந்த வீடு தன் கிணற்றையும் தொடியையும் அயலாரையும் இழந்துவிடுகிறது. நின்ற இடத்திலேயே காப்பது அதனினும் சிறந்ததன்றோ?

அதற்கு ஆடம்பரம் வேண்டா, பொறுமை வேண்டும். செங்கற்பாறைச் சுவருக்குச் சுண்ணச்சாந்தே ஏற்றது. சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். முதலில் கூரையைச் செப்பனிட்டு, மழைநீர் அடித்தளத்தை அணுகாது வடிகால் அமைத்தல் நன்று. குளியலறையைப் பழைய மரத்தளத்தின்மேல் ஏற்றாது, பக்கத்தே தனியே கட்டலாம். காற்றும் ஒளியும் குறைந்த களஞ்சியத்தில் சுவரை உடைத்துச் சாளரம் திறப்பதைவிட, மேல்தளத்தை உறங்கவும் கீழ்த்தளத்தை அமர்ந்து படிக்கவும் பயன்படுத்துதல் அறிவுடைமை.

தாயகத்தில் நம்முள் பலருக்கும் பூட்டிய வீடொன்று உண்டு. தொழுவமோ நெல்லறையோ அதன் பின்கட்டில் சரிந்துகொண்டிருக்கும். உடன்பிறந்தார் பலருக்கு உரிமை. பழுதுபார்க்கும் பொறுப்போ ஒருவருக்கும் இல்லை. அத்தகைய வீட்டுக்குப் பகைவர் மழையும் கறையானும் மட்டுமல்லர். நம் தயக்கமும் தான். பங்காளிகள் கூடி, யார் அங்கே குடியிருப்பது, வரும் வருவாயில் எவ்வளவு பழுதுபார்ப்புக்கு என எழுதிக்கொண்டால், இரண்டு அறைகளின் வாடகையே கூரைக்குக் காவலாகலாம். மரவணிகர் விலை கேட்டு வருமுன் நாம் அப்பேச்சைத் தொடங்குவோமாக.