டிட்டிக்காக்கா ஏரியும் திவானாக்கு நாகரிகமும்

முன்னுரை

பெருநாகரிகங்கள் தாழ்நிலத்து ஆற்றுச் சமவெளிகளிலேயே தோன்றின என்னும் கருத்து, பாடநூல்களின் வழி நம்மிடையே வேரூன்றியுள்ளது. நைல், யூப்ரடீஸ், சிந்து ஆகியவை அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் செழித்த திவானாக்கு நாகரிகம் அக்கருத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகிறது. இந்நாகரிகத்தின் பெருங்கற்களே இதுவரை மிகுதியாகப் பேசப்பட்டுள்ளன. அக்கற்களுக்குப் பின்னணியாய் நின்ற வேளாண் அறிவையும் அதனை வளர்த்த மக்களையும் முன்னிறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரியும் வாழ்வும்

பெருவும் பொலிவியாவும் பகிர்ந்துகொள்ளும் டிட்டிக்காக்கா ஏரியின் பரப்பு ஏறத்தாழ 8,300 சதுர கிலோமீட்டராகும். சூழவுள்ள மேட்டுநிலத்தில் மரங்கள் அரிது. இரவில் உறைபனி பயிரைக் கருக்கும். எனினும், பரந்த நீர்ப்பரப்பு பகல் வெப்பத்தைத் தேக்கி வைப்பதால் கரையோரக் குளிர் சற்றுத் தணிகிறது. உருளைக்கிழங்கும் கீன்வா தானியமும் அங்கு விளைந்தன, இலாமா பொதி சுமந்தது, மீன் உணவாயிற்று, தொத்தோரா என்னும் கோரை படகாகவும் கூரையாகவும் பயன்பட்டது. ஏரியின் தென்கரையில் சிரிப்பா போன்ற சிற்றூர்கள் கிறித்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தோன்றியிருந்தன.

மேட்டுப்பாத்தி வேளாண்மை

ஏரியின் இவ்வியல்பை உழவர்கள் தம் வயலுக்குள்ளேயே கொண்டுவந்தனர் எனலாம். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி, அம்மண்ணை இருபுறமும் குவித்து உயர்ந்த பாத்திகள் அமைத்தனர். கால்வாய் நீர் பகலில் வெயிலை ஈர்த்து, இரவில் அவ்வெப்பத்தை வெளியிட்டுப் பயிரை உறைபனியினின்று காத்தது. கால்வாயில் படிந்த வண்டல் உரமாயிற்று. இதனை அய்மாரா மொழியினர் சுக்கா கோயு என்பர். கெச்சுவா மொழியினர் வாரு வாரு என்பர்.

1980களில் கிளார்க் எரிக்சன் பெருவிலும், ஆலன் கொலாட்டா பொலிவியாவிலும் உள்ளூர் உழவர்களுடன் இணைந்து இத்தகைய பாத்திகளை மீட்டமைத்தனர். விளைச்சல் பெருகியது. ஆயினும் அவற்றுள் பல பின்னர்க் கைவிடப்பட்டன. பாத்திகளைப் பேணுவதற்கு மிகுந்த கூட்டுழைப்புத் தேவைப்பட்டது இதற்கொரு காரணமாகும். தொழில்நுட்பம் மட்டும் போதாது, அதனைத் தாங்கும் சமுதாய அமைப்பும் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. அவ்வமைப்பு அரசின் ஆணையால் இயங்கியதா, அய்யு எனப்படும் உறவுக்குழுக்களின் ஒத்துழைப்பால் இயங்கியதா என்பதில் கொலாட்டாவும் எரிக்சனும் மாறுபடுகின்றனர்.

நகரும் வழிபாடும்

ஏறத்தாழ கி.பி. 500 முதல் 1000 வரை திவானாக்கு நகர் உச்ச நிலையில் இருந்தது. அக்கபானா மேடை, கலசசாயா முற்றம், சூரிய வாயில், பூமா புங்கு ஆகியவை இன்றும் அங்குக் காணத்தக்கன. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுடைமையாக அறிவித்தது. சூரியத் தீவின் அருகே ஏரிக்கு அடியில் 2013இல் நிகழ்ந்த அகழாய்வில் பொன்னணிகள், தூபக்கலங்கள், இலாமா எலும்புகள், தொலைவிலுள்ள வெப்பக் கடலிலிருந்து வந்த முட்சிப்பி ஓடுகள் ஆகியவை கிடைத்தன. ஏரி உணவு தரும் நீர்நிலையாக மட்டுமன்றி, வழிபடு பொருளாகவும் விளங்கியதை இவை காட்டுகின்றன.

கட்டியவர் யார்?

1549இல் இங்கு வந்த சியேசா தெ லியோன் என்னும் இசுபானியர், இவற்றை இன்கா மன்னர்கள் கட்டினரா என வினவியபோது உள்ளூர் மக்கள் நகைத்தனர். இன்காக்களுக்கு முன்பே இவை இருந்தன என்றனர். அவர்கள் கூற்றைப் பிற்கால ஆய்வு மெய்ப்பித்தது. ஆனால் 20ஆம் நூற்றாண்டில் ஆர்தர் பொஸ்னான்ஸ்கி, வானியல் கணிப்பைக் கொண்டு இந்நகர் கி.மு. 15,000 அளவினது என வாதிட்டார். வேற்றுக்கோளினர் கட்டினர் என எழுதியோரும் உளர். கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு இவற்றுக்கு இடமளிக்கவில்லை. மிகைப்படுத்தப்பட்ட பழைமை ஒரு நாகரிகத்துக்குப் பெருமை சேர்ப்பதாகத் தோன்றினும், அதனை உருவாக்கிய மக்களிடமிருந்து அதனைப் பறித்துவிடுகிறது.

முடிவுரை

கி.பி. 1000ஐ ஒட்டி நகர் கைவிடப்பட்டது. நீண்ட வறட்சியே காரணம் என்பது கொலாட்டாவின் கருத்து; சமுதாயப் பிளவுகளே முதன்மையானவை என்பார் அதனை மறுப்பர். நகர் அழிந்தபோதும் ஏரிக்கரை மக்கள் அழியவில்லை. கிழங்கும் இலாமாவும் கோரைப் படகும் அவர்களிடம் தொடர்ந்தன. எனவே, மாணவர்க்குத் திவானாக்குவைக் கற்பிக்குமிடத்து, சூரிய வாயிலுக்கு முன்பாக அச்சேற்று வயலைக் காட்டுவதே முறையாகும்.